கடலில் முடியும் பனியாறுகள் ஏன் பின்வாங்குகின்றன: நான்கு விளக்கங்களில் எதைப் பிடிப்பது?

ஆய்வேட்டுக்குத் தலைப்பு எடுத்தவர்கள், அறிவியல் கட்டுரை எழுத உட்கார்ந்தவர்கள், கணினி மாதிரி ஓட்டக் கற்றுக்கொள்பவர்கள் என எல்லோரும் ஒரு கட்டத்தில் இதே இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். கிரீன்லாந்திலோ அலாஸ்காவிலோ அண்டார்க்டிகாவிலோ ஒரு பனியாறு கடலில் வந்து முடிகிறது. அதன் முகப்பு ஆண்டுக்கு ஆண்டு பின்னால் போகிறது. காரணம் தேடிப் போனால், ஓர் ஆய்வு கடல்நீரின் வெப்பம் என்கிறது. அடுத்தது காற்றின் வெப்பம் என்கிறது. மூன்றாவது, பனிக்கு அடியில் இருக்கும் தரையின் வடிவமே காரணம் என்று வாதிடுகிறது. நான்காவது, முகப்புக்கு முன்னால் மிதந்துகொண்டிருந்த பனித்தட்டு போனதுதான் வினை என்கிறது. நான்குக்கும் நல்ல சான்றுகள் இருக்கின்றன.

"எல்லாம் சேர்ந்துதான்" என்று எழுதிவிட்டு நகரலாம். பொய் இல்லை, ஆனால் எதற்கும் உதவாது. ஒவ்வொரு விளக்கமும் வேறு வேறு தரவைக் கேட்கிறது, வேறு சமன்பாட்டைக் கேட்கிறது, வேறு கால அளவில் பேசுகிறது. கையில் இருக்கும் நேரத்துக்கும் தரவுக்கும் ஏற்ப ஒன்றை முதலில் பிடித்தே ஆக வேண்டும்.

என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்வாங்கல் எப்போது தொடங்கியது என்பது ஒரு கேள்வி. எவ்வளவு தூரம் போகும், எங்கே நிற்கும் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கடலும் காற்றும் பதில் சொல்லும். இரண்டாவதற்குத் தரைதான் பதில் சொல்லும். மேட்டில் நிற்கும் வண்டியைத் தள்ளிவிட்டது யார் என்பதை வைத்து அது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. அதற்குச் சரிவைப் பார்க்க வேண்டும். இந்தத் துறையில் நடக்கும் வாதங்களில் பாதி, இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருபவை.

## முதலில் கணக்கு

பனியாற்றின் முகப்பு ஒரே இடத்தில் நின்றாலும் பனி நிற்பதில்லை. மேலேயிருந்து பனி வந்துகொண்டே இருக்கிறது. முகப்பில் உடைந்தும் உருகியும் போய்க்கொண்டே இருக்கிறது. வரும் வேகத்தைவிடப் போகும் வேகம் கூடினால் முகப்பு பின்வாங்கும். அவ்வளவுதான் கணக்கு.

சிக்கல் என்னவென்றால், இரண்டுமே பெரிய எண்கள். ஆண்டுக்கு 12 கி.மீ. வேகத்தில் வரும் பனியாற்றில், உடைந்தும் உருகியும் போவது வருவதைவிட வெறும் 5 சதவீதம் கூடினாலே முகப்பு ஆண்டுக்கு 600 மீட்டர் பின்னால் போய்விடும். நிலத்தில் முடியும் பனியாறு இப்படிப் பாய்வதில்லை. அது உருகித்தான் குறைய வேண்டும். கடலில் முடிவதற்கு உடைந்து மிதந்து போகிற வழியும் இருக்கிறது. அதனால்தான் கிரீன்லாந்துப் பனிவிரிப்பு 1992 முதல் 2018 வரை இழந்த ஏறத்தாழ 3.9 லட்சம் கோடி டன்னில், கிட்டத்தட்டப் பாதி, பனியாறுகள் வேகம் கூடிக் கடலில் கொட்டியதால் போனது. மற்ற பாதிதான் மேற்பரப்பு உருகல் சார்ந்தது.

## எதை வைத்து எடைபோடுவது?

நான் நான்கு அளவுகோல்களை வைத்துப் பார்ப்பேன்.

காலம். பின்வாங்கல் ஏன் 1980இல் தொடங்காமல் 1998இல் தொடங்கியது என்று இந்த விளக்கம் சொல்லுமா?

அண்டை. ஒரே கடல், ஒரே வானிலை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பனியாறுகள். ஒன்று பாய்ந்து பின்வாங்குகிறது, மற்றொன்று அசையவில்லை. இந்த விளக்கத்தால் அதைப் பிரித்துக் காட்ட முடியுமா?

முன்கணிப்பு. அடுத்த ஐம்பது ஆண்டுக்கு ஏதாவது சொல்லத் தெரியுமா?

தரவு. அளக்க முடியுமா? வீட்டிலிருந்தே இறக்கிக்கொள்ளும் செயற்கைக்கோள் படம் போதுமா, அல்லது கடலில் மிதக்கும் பனிமலைகளுக்கு நடுவே கப்பல் போக வேண்டுமா?

இவை தவிர, ஒவ்வொன்றிலும் முதலில் கண்ணில் படாத ஒரு செலவு ஒளிந்திருக்கும். ஆறு மாத வேலை முடிந்த பிறகுதான் அது தலைகாட்டும்.

## கடல்நீரின் வெப்பம்

காலம் என்ற அளவுகோலில் இதுவே வலுவானது. மேற்குக் கிரீன்லாந்தின் யாகோப்சாவ்ன் பனியாறு, உள்ளூர்ப் பெயரில் செர்மெக் குயாலெக், அதற்கு நல்ல சாட்சி. 1990களின் தொடக்கத்தில் அது ஆண்டுக்கு 6 கி.மீ.க்குச் சற்றுக் குறைவான வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் சுமார் 15 கி.மீ. நீளத்துக்கு, பனியாற்றின் நீட்சியாக, ஒரு மிதக்கும் நாக்கு இருந்தது. 1997 வாக்கில், அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீர் மேற்குக் கரையோரம் கூடியது. அடுத்த சில ஆண்டுகளில் அந்த நாக்கு துண்டுதுண்டாகப் போனது. 2003இல் வேகம் 12 கி.மீ.யைத் தாண்டியது. 2012 கோடையில் நாளுக்கு 46 மீட்டர் வரை அளந்தார்கள்.

ஆனால் என்னை நம்பவைத்தது அந்த வேகமெடுப்பு அல்ல, பிறகு நடந்தது. 2016 முதல், அந்தப் பனியாற்றுக்கு வெளியே இருக்கும் டிஸ்கோ விரிகுடாவின் ஆழ்நீர் 1980களுக்குப் பிறகு காணாத அளவுக்குக் குளிர்ந்தது. பனியாறு வேகம் குறைந்தது, முகப்பருகே தடித்தது, கொஞ்சம் முன்னேறவும் செய்தது. காரணத்தைக் கூட்டினால் விளைவு கூடுகிறது, குறைத்தால் குறைகிறது என்று காட்டும் சோதனை இயற்கையில் அபூர்வமாகவே கிடைக்கும்.

இயக்கமுறை இப்படி: கிரீன்லாந்தைச் சுற்றி மேலே இருப்பது துருவத்திலிருந்து வரும் குளிர்ந்த, உப்புக் குறைந்த நீர். அதற்கு அடியில், பெரும்பாலும் 200 மீட்டருக்குக் கீழே, உப்பு மிகுந்த, வெப்பமான அட்லாண்டிக் நீர் இருக்கிறது. வெப்பநீர் கீழே, குளிர்நீர் மேலே என்பது முதலில் விசித்திரமாகத் தோன்றும். அந்தக் குளிரில் நீரின் அடர்த்தியைப் பெரும்பாலும் உப்புதான் தீர்மானிக்கிறது, வெப்பநிலை அல்ல. அண்டார்க்டிகாவிலும் கதை இதே. அங்கே அந்த நீர், கண்டத்தைச் சுற்றி ஓடும் பெரும் நீரோட்டத்தின் ஆழப்பகுதியிலிருந்து வருகிறது. கூடவே இன்னொன்று: அழுத்தம் கூடக்கூடப் பனியின் உருகுநிலை இறங்குகிறது. மேற்பரப்பில் கடல்நீர் உறைவது ஏறத்தாழ மைனஸ் 1.9 டிகிரியில் என்றால், 1000 மீட்டர் ஆழத்தில் அது மைனஸ் 2.6 டிகிரிக்கு அருகில். ஆக ஆழத்தில் இருக்கும் 3 டிகிரி நீர், பனியைப் பொறுத்தவரை 5 டிகிரிக்கும் மேலான வெப்பம்.

மறைந்திருக்கும் செலவும் இந்த ஆழத்தில்தான் இருக்கிறது. செயற்கைக்கோள் தரும் கடல் மேற்பரப்பு வெப்பநிலை இந்த வேலைக்கு ஏறக்குறையப் பயனற்றது. பனியை உருக்கும் நீர் அதன் கண்ணில் படாது. அப்படியிருந்தும் மேற்பரப்பு வெப்பநிலையைப் பின்வாங்கலோடு பொருத்திப் பார்க்கும் ஆய்வேடுகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. எளிதில் கிடைக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை. ஆழ்நீரை அளக்கக் கப்பலிலிருந்து கருவி இறக்க வேண்டும், அல்லது நங்கூரமிட்டு விட்டுவர வேண்டும், அல்லது விமானத்திலிருந்து போட வேண்டும். நாசாவின் 'ஓஷன்ஸ் மெல்ட்டிங் கிரீன்லாந்து' திட்டம் கடைசி வழியில் தீவைச் சுற்றிலும் அளவீடுகள் எடுத்தது. அந்தத் தரவு பொதுவில் கிடைக்கிறது. கிரீன்லாந்தைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால் அங்கிருந்து தொடங்குங்கள்.

அதிலும் ஒரு பள்ளம் உண்டு. பனியாறு குடைந்த குறுகிய, ஆழமான கடல்நுழைவை ஃபியார்டு என்பார்கள். ஃபியார்டுக்கு வெளியே அளந்த வெப்பநிலை, உள்ளே முகப்பில் இருக்கும் வெப்பநிலை அல்ல. ஃபியார்டின் வாயில் பெரும்பாலும் ஒரு திட்டு, அதாவது கடல்தரையில் உயர்ந்த மேடு, இருக்கும். யாகோப்சாவ்னின் வாயிலேயே 200 முதல் 300 மீட்டர் ஆழத்தில் ஒரு திட்டு இருக்கிறது. பெரிய பனிமலைகள் அதில்தான் தரைதட்டி நிற்கின்றன. திட்டைவிடக் கீழே இருக்கும் நீர் எளிதில் உள்ளே நுழையாது. ஆகவே கடல்வெப்பம் என்ற விளக்கத்தை எடுத்துக்கொண்டு போனாலும், கொஞ்ச தூரத்தில் கடல்தரையின் வடிவம் வந்து வழியை மறிக்கும்.

அண்டை என்ற அளவுகோலில் இது தடுமாறுவதும் அதனால்தான். மேற்குக் கிரீன்லாந்தின் உம்மன்னாக் பகுதியில், ஸ்டோர் பனியாற்றின் முகப்பு பல பத்தாண்டுகளாகப் பெரிதாக அசையவில்லை. ஃபியார்டு குறுகும் இடத்தில், ஒரு திட்டின் மேல் அது ஊன்றி நிற்கிறது. அதே பகுதியில் உமியம்மாக்கு பனியாறு 2000களில் கி.மீ. கணக்கில் பின்வாங்கியது. வெளியே இருக்கும் கடல் இரண்டுக்கும் ஒன்றுதான்.

## காற்றின் வெப்பமும் உருகுநீரும்

காற்று நேரடியாக முகப்பை உருக்குவது சிறிய பங்கு. அது மேற்பரப்பில் உண்டாக்கும் உருகுநீர்தான் வேலையைச் செய்கிறது, அதுவும் முக்கியமாக இரண்டு வழிகளில்.

ஒன்று, வெடிப்புகளில் இறங்கி அவற்றைப் பிளப்பது. நீர் பனியைவிடக் கனமானது. நீர் நிரம்பிய வெடிப்பு தன் எடையாலேயே கீழ்நோக்கிக் கிழித்துக்கொண்டு போகும்.

இரண்டாவது வழி சுவையானது. உருகுநீர் பனியாற்றின் அடிக்குப் போய், தரையை ஒட்டி ஓடி, முகப்பின் அடிவாரத்தில் கடலுக்குள் வெளிப்படுகிறது. நன்னீர் என்பதால் இலேசானது; முகப்பை ஒட்டிக் கொதிப்பதுபோல் மேலெழும்புகிறது. எழும்போது ஆழத்தில் இருக்கும் வெதுவெதுப்பான கடல்நீரையும் இழுத்துக்கொண்டு பனிச்சுவரில் உரசுகிறது. கடலில் வெப்பம் இருந்தால் மட்டும் போதாது, அதைச் சுவருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஏதாவது வேண்டும். கோடையில் அந்த வேலையை உருகுநீர் செய்கிறது. கோட்பாட்டின்படி இந்த உருகல், கடல்நீரின் வெப்ப மிகைக்கு (உறைநிலைக்கு மேல் எத்தனை டிகிரி என்பதற்கு) நேர்விகிதத்தில் கூடுகிறது. வெளிப்படும் உருகுநீரின் அளவுக்கோ கனமூல விகிதத்தில்தான் கூடுகிறது. உருகுநீர் எட்டு மடங்கு ஆனால் உருகல் இரண்டு மடங்கு. எழும்பும் நீருக்கு வெளியே இருக்கும் பகுதிகளில் கோட்பாடு எவ்வளவு குறைத்துச் சொல்கிறது என்பது அலாஸ்காவின் லெகாண்ட் பனியாற்றில் சோனார் வைத்து அளந்தபோது தெரிந்தது: 2019இல் வெளியான அந்த ஆய்வில், சில இடங்களில் உருகல் கணித்ததைவிட நூறு மடங்கு வரை இருந்தது. சமன்பாடுகளை அப்படியே நம்பி எழுதுபவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

உருகுநீர் அடியில் மசகுபோல் இறங்கிப் பனியாற்றை வழுக்க வைக்கிறது என்ற விளக்கம் ஒரு காலத்தில் பிரபலம். கோடையின் தொடக்கத்தில் வேகம் கூடுவது உண்மை. ஆனால் நீர் கூடும்போது அடியில் வாய்க்கால்கள் அகன்று நீர் வடிந்துவிடுகிறது. ஆண்டுச் சராசரியில் பெரிய மாற்றம் மிஞ்சுவதில்லை. பின்வாங்கலுக்கு இதை முதன்மைக் காரணமாக இப்போது யாரும் வைப்பதில்லை.

இந்த விளக்கத்தின் கவர்ச்சி தரவில் இருக்கிறது. காற்று வெப்பநிலையும் மேற்பரப்பு உருகலும் பல பத்தாண்டுகளுக்கு, இடைவெளி இல்லாமல், இலவசமாகக் கிடைக்கின்றன. ஆபத்தும் அங்கேதான். வட அட்லாண்டிக்கில் 1990களின் நடுவிலிருந்து காற்றும் கடலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வெப்பமடைந்தன. காற்றுக்கு நல்ல தரவும் கடலுக்கு ஓட்டைத் தரவும் வைத்துக்கொண்டு தொடர்புக் கணக்குப் போட்டால், புகழ் முழுவதும் காற்றுக்குப் போய்ச் சேரும். புள்ளியியல் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதற்குப் பதில் சொன்னது, அவ்வளவுதான்.

கடலா காற்றா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கடல்மட்ட முன்கணிப்புக்கான பன்னாட்டு ஒப்பீட்டு முயற்சியில் கிரீன்லாந்துப் பனியாறுகளுக்குப் பயன்படுத்திய எளிய வாய்பாடு, இரண்டையும் பெருக்கியே எடுத்துக்கொள்கிறது: உருகுநீர் அளவின் 0.4 அடுக்கு, பெருக்கல் கடல்நீரின் வெப்ப மிகை. அந்தப் பெருக்கற்பலன் எவ்வளவு கூடுகிறதோ அதற்கேற்ப முகப்பு பின்வாங்கும் என்று வைத்துக்கொள்கிறது. பல பனியாறுகளின் சராசரிக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. ஒற்றைப் பனியாற்றுக்கு இதை நம்பாதீர்கள். இதில் தரை கிடையாது.

## தரையின் வடிவம்

அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் சவுண்டில் இருக்கும் கொலம்பியா பனியாறு, 1980 வாக்கு வரை, தானே தள்ளிக்கொண்டு வந்து குவித்த கல்மண் மேட்டின் மேல் முகப்பை ஊன்றி நின்றது. அமெரிக்க நில அளவைத் துறையின் ஆஸ்டின் போஸ்ட், மார்க் மையர் முதலியோர் 1970களில் அதை ஆராய்ந்தனர். ஒரு நடைமுறைக் கவலையும் இருந்தது: வால்டீஸ் துறைமுகத்திலிருந்து எண்ணெய்க் கப்பல்கள் போகும் வழி அருகில்தான். மேட்டுக்குப் பின்னால், பனிக்கு அடியில், தரை கடல்மட்டத்துக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் கீழே இறங்குகிறது என்று கண்டார்கள். முகப்பு மேட்டிலிருந்து நழுவினால் நிற்க இடமில்லை, பெரும் பின்வாங்கல் வரும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். வந்தது. அதன்பின் முகப்பு 20 கி.மீ.க்கு மேல் பின்னால் போய்விட்டது. 1989இல் எக்ஸான் வால்டீஸ் கப்பல் பாறையில் மோதியதும், இந்தப் பனியாற்றிலிருந்து மிதந்து வந்த பனித்துண்டுகளைத் தவிர்க்க வழியை விட்டு விலகிய பிறகுதான்.

இதே அலாஸ்காவில் ஹப்பார்டு பனியாறு, 1895இல் அளக்கத் தொடங்கியதிலிருந்து முன்னேறிக்கொண்டே வந்திருக்கிறது. 1986இலும் 2002இலும் ரஸ்ஸல் ஃபியார்டின் வாயையே அடைத்து அதை ஏரியாக்கியது. ஒரே கடற்கரை, ஒரே நூற்றாண்டு, நேரெதிர் திசை. அண்டை என்ற அளவுகோலில் தரைக்கு நிகரே இல்லை.

காலத்தைப் பற்றியும் தரை ஓர் எச்சரிக்கை தருகிறது. 1794இல் பிரிட்டிஷ் கடலோடி ஜார்ஜ் வான்கூவரின் குழு வந்தபோது, அலாஸ்காவின் கிளேசியர் விரிகுடாவின் வாயருகே பனிதான் நின்றது. 1879இல் இயற்கையியலாளர் ஜான் மூயர் வந்தபோது முகப்பு 60 கி.மீ.க்கும் மேல் பின்னால் போயிருந்தது. 1916 வாக்கில் சுமார் 100 கி.மீ. அதில் பெரும்பகுதி, இன்றைய வெப்பமாதல் வேகமெடுக்கும் முன்பே நடந்து முடிந்த கதை. சிறு பனிக்காலம் என்ற, சில நூற்றாண்டுகள் நீடித்த குளிர்காலம் முடிந்தபோது கிடைத்த ஒரு சிறு தள்ளல்; மிச்சத்தை ஆழமான ஃபியார்டு பார்த்துக்கொண்டது. இதை வைத்து "பனியாறுகள் எப்போதும் பின்வாங்கித்தான் வந்திருக்கின்றன, மனிதருக்குச் சம்பந்தமில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு விரிகுடாவில் நடந்ததற்கு அது பொருந்தலாம். கிரீன்லாந்தின் எல்லாப் பக்கங்களிலும் ஒரே இரண்டு பத்தாண்டுகளில் இருநூறு பனியாறுகள் கிட்டத்தட்டச் சேர்ந்து நகர்வதற்கு, தனித்தனித் தரைகளைக் காரணம் காட்ட முடியாது.

தரை ஏன் இவ்வளவு முக்கியம்? முதலாவது மிதப்பு. பனியின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 917 கிலோ, கடல்நீருக்கு 1028. ஆகவே 1000 மீட்டர் தடிமனான பனி, ஏறத்தாழ 890 மீட்டர் ஆழ நீரில் தரையை விட்டு எழும்பிவிடும். முகப்பு ஆழத்தை நோக்கிப் போகப்போக, மிதக்காமல் ஊன்றி நிற்க இன்னும் தடிமன் வேண்டும். அது இல்லாதபோது எழும்பி உடைகிறது. 1982இல் அலாஸ்காவின் பன்னிரண்டு பனியாறுகளை வைத்துப் போட்ட பழைய வாய்பாடு இன்றும் மேற்கோளாகிறது: உடைந்துபோகும் வேகம், ஆண்டுக்கு, முகப்பில் நீரின் ஆழத்தைப் போல் சுமார் 27 மடங்கு. 100 மீட்டர் ஆழம் என்றால் ஆண்டுக்கு 2.7 கி.மீ. நன்னீர் ஏரிகளுக்கும் பிற இடங்களுக்கும் இதே எண் பொருந்தாது என்பது பிறகு தெரிந்தது. விதி என்று சொல்வதைவிட, அந்த இடத்துக்கான பொருத்தம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, பனி வெளியேறும் அளவு. பனி தரையை விட்டு மிதக்கத் தொடங்கும் கோட்டைத் தாண்டி ஓடும் பனியின் அளவு, அங்கே பனியின் தடிமனைப் பொறுத்து மிகக் கடுமையாக மாறுகிறது. பனியியலாளர் கிறிஸ்டியன் ஷூஃப் 2007இல் கொடுத்த தீர்வில், வழக்கமான அனுமானங்களின்படி அது தடிமனின் 4.75 அடுக்கு. தடிமன் 10 சதவீதம் கூடினால் வெளியேற்றம் 57 சதவீதம் கூடும். உள்நோக்கி இறங்கும் தரையில் அந்தக் கோடு பின்வாங்கினால் தடித்த பனிக்குள் போகிறது, அதனால் இன்னும் அதிகமாக வெளியேறுகிறது, அதனால் இன்னும் பின்வாங்குகிறது. மேற்கு அண்டார்க்டிகாவின் துவெய்ட்ஸ் பனியாற்றைப் பற்றி இவ்வளவு கவலை இதனால்தான். சுமார் 120 கி.மீ. அகலம், உள்நோக்கி இறங்கும் தரை, முழுதும் போனால் கடல்மட்டத்தை ஏறத்தாழ 65 செ.மீ. உயர்த்தும் அளவு பனி. ஆனால் ஷூஃப் கணக்கில் பக்கச் சுவர்கள் இல்லை. குறுகிய ஃபியார்டில் இரு சுவர்களின் உராய்வும் பனியைப் பிடித்துக்கொள்ளும். இறங்கும் தரையிலும் ஒரு பனியாறு நிற்க முடியும். ஆழத்தோடு அகலத்தையும் சேர்த்துப் பாருங்கள். குறுகலில் நிற்கும், அகன்ற இடத்தில் ஓடும்.

கடலையும் தரையையும் சேர்த்துப் பார்த்த 2021ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, கிரீன்லாந்தின் 226 பனியாறுகளை வகைப்படுத்தியது. வெப்பநீர் எட்டும் ஆழமான ஃபியார்டுகளில் முடிபவை 74 மட்டுமே. 1992 முதல் 2017 வரையிலான பனி இழப்பில் கிட்டத்தட்டப் பாதி அவற்றிலிருந்து வந்தது. ஆழம் தெரியாமல் வெப்பத்தை மட்டும் பார்த்திருந்தால் இந்தப் பிரிவு கண்ணில் பட்டிருக்காது.

செலவு என்னவென்றால், தரை உங்களுக்குத் தேதி சொல்லாது. பத்தாண்டுக் கணக்கில் அது மாறிலி. மாறாத ஒன்றால் மாற்றத்தின் நேரத்தை விளக்க முடியாது. தரவும் முழுமையானதல்ல. கிரீன்லாந்துக்கும் அண்டார்க்டிகாவுக்கும் 'பெட்மெஷின்' என்ற தரைவரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் எல்லா இடமும் அளந்ததல்ல. ரேடார் விமானம் போகாத இடங்களில் பனியோட்டத்திலிருந்து கணக்கிட்டு நிரப்பியது, சில இடங்களில் வெறும் இடைநிரப்பல். பிழைவரைபடத்தையும் கூடவே இறக்கி, உங்கள் பனியாற்றில் பிழை 30 மீட்டரா 300 மீட்டரா என்று முதலிலேயே பாருங்கள். ஐந்து நிமிட வேலை. பலர் செய்வதில்லை.

## முன்னால் நிற்கும் பனி

அண்டார்க்டிகத் தீபகற்பத்தில் லார்சன் பி பனித்தட்டு 2002இல் சுமார் ஒரு மாதத்தில் நொறுங்கியது; 3000 சதுர கி.மீ.க்கும் மேல். பின்னால் இருந்த கிரேன், ஹெக்டோரியா போன்ற பனியாறுகள் பல மடங்கு வேகமெடுத்தன. பக்கத்திலேயே, தட்டின் எஞ்சிய துண்டு தாங்கிக்கொண்டிருந்த ஃபிளாஸ்க், லெப்பார்டு பனியாறுகள் அப்படி வேகமெடுக்கவில்லை. முன்னால் மிதக்கும் பனி பின்னால் வருவதைத் தாங்குகிறது என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டியதில்லை.

கிரீன்லாந்தில் பெரும்பாலும் தட்டு இல்லை. குளிர்காலத்தில் ஃபியார்டில் நெரிந்து கிடக்கும் பனித்துண்டுகளும் கடற்பனியும் சேர்ந்த கலவைதான் அந்த இடத்தில் நிற்கிறது. அது கெட்டிப்படும்போது உடைவு குறைந்து முகப்பு முன்னேறுகிறது. வசந்தத்தில் அது கலைந்ததும் உடைவு தொடங்குகிறது. பருவ மாற்றத்துக்கு நல்ல விளக்கம். பல ஆண்டுப் போக்குக்கு அவ்வளவாகப் போதாது.

செயற்கைக்கோளில் நன்றாகத் தெரிவதால் அளப்பது எளிது. அதுவே பொறியும்கூட. தட்டு உடைந்ததை நாள் கணக்கில் படம் பிடிக்கலாம். அதை உடைத்தது எது என்பது படத்தில் இருக்காது. லார்சன் பியை மேற்பரப்பு உருகுநீர் பிளந்தது, யாகோப்சாவ்ன் நாக்கை அடியிலிருந்து கடல் தின்றது. ஆக இது தனி விளக்கம் இல்லை. முதலிரண்டும் பனியாற்றை எட்டும் ஒரு வழி.

## ஒரே பார்வையில்

| | கடல் வெப்பம் | காற்று, உருகுநீர் | தரை, அகலம் | முன்னால் நிற்கும் பனி |
|---|---|---|---|---|
| எப்போது தொடங்கியது | நன்றாகச் சொல்லும் | கடலோடு சேர்ந்து | சொல்லாது | அண்மைக் காரணத்தை மட்டும் |
| அண்டை வேறுபாடு | தடுமாறும் | தடுமாறும் | மிக நன்றாக | தட்டு உள்ள இடத்தில் மட்டும் |
| எவ்வளவு தூரம் போகும் | சொல்லாது | சொல்லாது | சொல்லும் | சொல்லாது |
| தரவு | அரிது, செலவு மிகுதி | ஏராளம் | வரைபடம் உண்டு, பிழை பெரிது | ஏராளம் |
| மறைவான செலவு | திட்டு, மேற்பரப்பு வெப்பநிலை மயக்கம் | கடலின் புகழையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும் | காலம் இல்லை | முதற்காரணம் மறையும் |

பனிச்சுவர் தன் உயரத்தாலேயே சரிந்து, தொடர்சரிவாகப் போகும் என்ற விளக்கத்தைப் பட்டியலில் சேர்க்காதது வேண்டுமென்றேதான். நீருக்கு மேல் 100 மீட்டர் அளவு உயரமான சுவர் தாங்காது என்ற இயற்பியல் சரி. அதிலிருந்து, 2100க்குள் அண்டார்க்டிகா மட்டுமே கடல்மட்டத்தை ஒரு மீட்டருக்கு மேல் உயர்த்தக்கூடும் என்று 2016இல் வந்த கணிப்பு பெரும் கவனம் பெற்றது. துவெய்ட்ஸில் இந்த நூற்றாண்டில் அப்படிப்பட்ட தொடர்சரிவு நடக்க வாய்ப்புக் குறைவு என்று பிற்பாடு விரிவான மாதிரிகள் காட்டின. முதல் ஆய்வேட்டை இதன்மேல் கட்ட வேண்டாம்.

## உங்கள் நிலைக்கு எது?

ஒரு பனியாறு, ஒரு நிகழ்வு. "2003இல் ஏன்?" என்பதுதான் கேள்வி என்றால் கடலை முதலில் பிடியுங்கள். அருகில் ஆழ்நீர் அளவீடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தலைப்பையே உறுதிசெய்யுங்கள். இல்லையென்றால் வேறு பனியாற்றைத் தேடுங்கள். அது வெட்கமில்லை.

ஒரு பகுதியின் பல பனியாறுகள். தரையும் அகலமும். வெளியே கடல் பொது என்பதால் அது தானாகக் கழிந்துவிடும். எஞ்சும் வேறுபாட்டைத் தரை விளக்கும். முகப்பை நடுக்கோட்டில் மட்டும் அளக்காமல், முழு அகலத்துக்கும் பெட்டி வரைந்து, பரப்பை அகலத்தால் வகுத்துச் சராசரி எடுங்கள். நடுவில் ஒரு பெரிய துண்டு உடைந்தால் நடுக்கோடு உங்களை ஏமாற்றும்.

2100 வரையிலான கடல்மட்டம். பல பனியாறுகளுக்குச் சேர்த்து என்றால் உருகுநீரும் கடல்வெப்பமும் பெருக்கிய எளிய வாய்பாடு. ஒற்றைப் பெரிய பனியாறு என்றால் தரையோடு கூடிய முழு மாதிரி. இடைப்பட்ட வழி இல்லை.

செயற்கைக்கோள் படம் மட்டுமே கையில். பெரும்பாலோர் நிலை இதுதான். முகப்பின் இடம், வேகம், முன்னால் பனிக்கலவை என மூன்றையும் எடுத்துப் பருவத்தைப் பற்றி எழுதுங்கள். போக்கைப் பற்றி அடக்கமாக எழுதுங்கள். காலச் சாளரத்தையும் கவனியுங்கள். 1995 முதல் 2010 வரை மட்டும் எடுத்தால் கிரீன்லாந்தில் எல்லாவற்றையும் கடல் செய்ததுபோல் தெரியும். தென்கிழக்கின் ஹெல்ஹெய்ம் 2000களின் தொடக்கத்தில் பாய்ந்து பின்வாங்கி, வேகமெடுத்து, 2006 வாக்கில் மீண்டும் நிதானித்தது. ஐந்தாண்டுப் போக்கை நீட்டிக் கோடு போட்ட கணிப்புகள் அங்கே தவறின.

அண்டார்க்டிகா. முன்னால் நிற்கும் பனியில் தொடங்கித் தரையில் முடியுங்கள், ஹெக்டோரியாவில் நடந்த வரிசையிலேயே. லார்சன் பி இருந்த இடத்தில் பல ஆண்டுகளாக ஒட்டிக்கொண்டிருந்த கடற்பனி 2022 ஜனவரியில் கலைந்து போனது. அவ்வாண்டின் இறுதியில், இரண்டே மாதத்தில், முகப்பு சுமார் 8 கி.மீ. பின்வாங்கியது. அடியில் தரை தட்டையான சமவெளி, அதனால் மெலிந்த பனி பரந்த அளவில் ஒரே நேரத்தில் மிதப்புக்கு வந்து உடைந்தது என்கிறது 2025இல் வந்த ஓர் ஆய்வு. கடற்பனி போன தேதி படத்தில் இருக்கிறது, 8 கி.மீ. என்ற எண்ணைப் புரிந்துகொள்ளத் தரையின் அளவீடு வேண்டியிருந்தது.